பனி இல்லாத மாதங்களில் சுவாமிதாஸ்

“மாமா, கால்ல கட்டுததுக்கு ரெண்டு பலகை வேணும்” என்றுதான் சுவாமிதாஸ் அண்ணன் பேச்சைத் தொடங்கினார்.

என் அப்பா ஞானையன் பனச்சமூட்டுக்கு மேற்கே வீடுகளுக்குக் கதவும் ஜன்னலும் செய்து கொடுக்கும் மரவேலைக்காரர். அன்று பட்டறையில் ஒரு கதவுச் சட்டத்தை இழைத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமல் கேட்டார்.

“காலுக்கு என்ன, முறிவா?”

“முறியல்ல. நல்லாத்தான் இருக்கு.”

“பிறவு என்னத்துக்குப் பலகை?”

“ஆறடி நீளம் வேணும். நாலு விரல் அகலம். முன் நுனி மேல பாத்து வளைஞ்சிருக்கணும்.”

அப்பா இழைப்புளியைக் கீழே வைத்தார். “ஆறடிப் பலகையைக் கால்ல கட்டிக்கிட்டு எங்க போகப் போறே? ஆத்துமேல நடக்கவா?”

“பொற்றையில இருந்து கீழ வாறதுக்கு.”

“கீழ வாறதுக்கு வழி உண்டே மக்கா. நான் பெறந்த நாள் தொட்டு அதுலதான் வாறேன்.”

“நடந்து இல்ல மாமா. சறுக்கி.”

“ஓ. பட்டாளத்துல உனக்க வேலை இதுவாக்கும்?”

“ஆமா. அங்க மஞ்ஞுல, பனியில சறுக்குவோம்.”

“அப்பம் துப்பாக்கி?”

“அது முதுகுல கெடக்கும். நான் ஒரு வருசம் நாப்பது பேருக்குச் சறுக்கப் படிச்சுக் குடுக்கேன்.”

“கொள்ளாம். இடவப்பாதி மழை பெய்தா இஞ்ச ஒவ்வொருத்தனும் படிக்காமலே சறுக்குதான். அவனுவளையும் சர்க்கார் எடுத்தா நல்லாயிருக்கும்.”

மூலையில் நின்றிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் என் பக்கம் திரும்பி, “பிரேமகுமாரி, நீயுமா? போய் ஒரு பென்சில் கொண்டு வா” என்றார். நான் கொண்டுவந்த பென்சிலால் இழைத்த சட்டத்தின் மேலேயே அவர் வரைந்தார். நீண்ட பலகை, நுனியில் வளைவு, நடுவில் காலைக் கட்டும் வார். அப்பா ரொம்ப நேரம் அதைப் பார்த்தார். பிறகு தனக்குத்தானே பேசுகிறவர் போலச் சொன்னார்: “அயினி கனக்கும். பிலாவு வெடிக்கும். கமுகு எடுத்தா வளையும்.”

அப்பா மரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார் என்றால் சம்மதித்துவிட்டார் என்று அர்த்தம். இது 1953ஆம் ஆண்டு மே மாதம். எனக்கு அப்போது பதினேழு வயது.

சுவாமிதாஸ் அண்ணனின் வீடு எங்கள் வீட்டுக்கு இரண்டு தென்னை விளை தள்ளி. ஒரே சபை, ஒரே கிணற்றுப் பாதை. யுத்த காலத்தில் பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்தார். பாலம் கட்டும் பிரிவில் இருந்தவரைச் சுதந்திரத்துக்குப் பிறகு காஷ்மீருக்கு அனுப்பினார்கள். அங்கே பனிமலையில் சண்டையிடுவதற்கு ஆள்களைப் பழக்கும் பட்டாளப் பள்ளி ஒன்று இருந்தது. பலகைகளைச் சுமந்து போகும் ஆளாகத்தான் முதலில் போனார். யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு ஜோடியைக் காலில் கட்டிப் பார்த்தார். இருபது முறை விழுந்து எழுந்து, இருபத்தோராவது முறை சரிவின் அடிவரை வந்து நின்றாராம். நின்ற இடத்தில் ஒரு அதிகாரி நின்றிருந்தார். தண்டனை கிடைக்கும் என்று நினைத்தவருக்கு மறுநாள் பயிற்சிக் கூட்டத்தில் இடம் கிடைத்தது. நான்கு வருடத்தில் ஹவில்தாராகி, சொல்லிக்கொடுப்பவரும் ஆனார். பனியையே பார்க்காத ஊரிலிருந்து வந்தவன் பஞ்சாபிகளுக்குப் பனியில் நிற்கச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கமும் பெருமையும் ஒன்றாக வரும்.

பனி உருகியதும் பள்ளியை மூடிவிடுவார்கள். ஏப்ரலும் மேயும் அவருக்கு லீவு. மனைவி சுகிர்தபாய் அக்காவுக்குக் கணவரைக் கண்ணால் பார்க்கும் மாதங்கள் அந்த இரண்டும்தான். ஆனால் வந்த மூன்றாம் நாளே அவர் முற்றத்தில் முழங்காலை மடக்கி மடக்கி நிற்பார் என்று அக்கா சொல்வார்கள். “கால் சும்மா இருக்கமாட்டேங்குது பிள்ளே. வெறகு கீறச் சொன்னா கீறுதாரு. தண்ணி கோரச் சொன்னா கோருதாரு. அது கழிஞ்சு பிறவும் கால் துடிக்குது.”

அந்த வருடம் அவர் ஊரில் இருக்கிற விளையாட்டையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாறசாலை ரயில் ஸ்டேஷன் பக்கம் இளைஞர்கள் வாலிபால் ஆடுவார்கள். நான்கு நாள் போனார். “பந்து எனக்க கிட்ட வாறது வரைக்கும் நான் நிக்கணும். நிக்குததுக்கா நான் போனேன்?” என்று திரும்பிவிட்டார். நெய்யாற்றில் நீந்திப் பார்த்தார். தண்ணீர் ஆளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்றார். பிறகு ஒரு வாடகை சைக்கிளை எடுத்துக்கொண்டு வெள்ளறடைக்கு மேலே மலைப்பாதையில் ஏறி, மிதிக்காமல் இறங்கினார். அது கொஞ்சம் பிடித்திருந்தது. மூன்றாம் நாள் வளைவில் மரச்சீனிக் கிழங்கு ஏற்றிய மாட்டுவண்டிக்குள் போய் விழுந்தார். வண்டிக்காரர் கோபப்படவில்லை. “கெழங்கு வேணும்னா கேட்டிருக்கலாமே” என்று மட்டும் சொன்னாராம்.

கடைசியில் வழி காட்டியது கமுகம்பாளை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் உதிர்ந்த பாளையில் ஒருவரை உட்காரவைத்து, ஓலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். ஒரு நாள் பிள்ளைகள் அதைப் பொற்றைக்கு எடுத்துப்போய்ச் சரிவில் விட்டதை அண்ணன் பார்த்தார். பொற்றை என்பது ஊருக்குக் கிழக்கே நிற்கும் சிறு குன்று. பொதுநிலம். மாடு மேய்ந்து மேய்ந்து புல் குட்டையாகி, ஏப்ரல் வெயிலில் காய்ந்து, எண்ணெய் தடவியதுபோல வழுக்கும். அண்ணன் மேலே ஏறி, புல்லைக் கையால் தடவிப் பார்த்தார். அன்று மாலைதான் எங்கள் பட்டறைக்கு வந்தார்.

அப்பா கமுகைப் பிளந்து இழைத்து, நுனியை நெல் அவிக்கும் அண்டாவில் வேகவைத்து, கயிற்றால் வளைத்துக் கட்டி நிழலில் ஒரு வாரம் வைத்தார். வாருக்குப் பழைய டயர். அடியில் தேன்மெழுகு. முதல் ஜோடி பாதிச் சரிவில் முறிந்தது. இரண்டாவது முறியவில்லை. அந்த வருடம் லீவில் எட்டே நாள்தான் மிச்சமிருந்தது. எட்டு நாளும் அவர் பொற்றையில் இருந்தார். பனியில் வருவதைவிட வேகம் குறைவு, புல் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது, விழுந்தால் தோல் உரிகிறது என்றெல்லாம் சொன்னார். ஆனால் முற்றத்தில் நின்று காலை மடக்குவதை விட்டுவிட்டார். போகும்போது பலகையைச் சாக்கில் சுற்றி எங்கள் பட்டறைப் பரணில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வருடம் அவர் வந்தபோது பொற்றையில் ஆள் காத்திருந்தது. சேர்த்தவர் ராஜதாஸ். அவரும் அண்ணனும் ஒன்றாகப் படித்தவர்கள். ஒருவர் கல்யாணத்துக்கு மற்றவர் பந்தல் போட்டவர். ராஜதாஸ் பனச்சமூட்டில் பஸ்களுக்கு டிக்கெட் போடும் ஏஜெண்ட். திருவனந்தபுரம் போகிறவர், நாகர்கோவில் போகிறவர், இரண்டு பக்கத்துக் கட்சிக்காரர்கள் எல்லாரும் அவருடைய பெஞ்சில் உட்கார்ந்துதான் பஸ் ஏறுவார்கள். அதனால் எல்லாரையும் அவருக்குத் தெரியும். அண்ணன் இல்லாத மாதங்களில் அவர் அப்பாவிடம் ஆறு ஜோடி செய்து வாங்கியிருந்தார். சும்மா சொல்லக்கூடாது, அவரும் நன்றாகச் சறுக்குவார். மோகனன், செல்லசாமி, கருணாகரன் என்று தமிழ் பேசுகிறவர்களும் மலையாளம் பேசுகிறவர்களுமாக ஞாயிறு ஆராதனை முடிந்த மத்தியானம் முப்பது நாற்பது பேர் கூடுவார்கள். நானும் சுகிர்தபாய் அக்காவும் கீழே புன்னைமர நிழலில் நிற்போம்.

“மோகனா, கால் முட்டை மடக்கு! மடக்குடே! கொடிமரம் மாதிரி நிக்காதே!” என்று அண்ணன் மேலிருந்து கத்துவார்.

“மடக்கியால் பின்னெ நிவர்த்தான் பற்றில்ல, சுவாமிதாசே!” என்று, மடக்கினால் பிறகு நிமிர்த்த முடியவில்லை என்பதை மோகனன் மலையாளத்தில் கத்திக்கொண்டே வந்து உருளுவார்.

“எலே, உன்னை மதராஸுக்கும் வேண்டாம், திருவிதாங்கூருக்கும் வேண்டாம்!” என்று செல்லசாமி சிரிப்பார்.

அந்த நாள்களில் எல்லாப் பேச்சும் அங்கேதான் போய் முடியும். தமிழ் பேசும் தாலுகாக்கள் மதராஸோடு சேரவேண்டும் என்று ஒரு பக்கம் ஊர்வலம் நடந்தது. நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் எங்கள் ஊர்களையும் சேர்த்துத்தான் கேட்டார்கள். பிரிக்கவே கூடாது என்று இன்னொரு பக்கம் கூட்டம் போட்டார்கள். மாகாணங்களைத் திருத்தி அமைக்க டெல்லியிலிருந்து ஒரு கமிஷன் வரப்போகிறது, அதற்கு மனு கொடுக்கவேண்டும் என்று இரண்டு பக்கத்தாரும் வீடு வீடாக வந்தார்கள். அண்ணன் அவர்களைக் கண்டால் உட்காரச் சொல்லி மோர் கொடுப்பார், கையெழுத்துப் போடமாட்டார். “பட்டாளக்காரன் இதுல எல்லாம் பேரு குடுக்கக்கூடாது. குடுத்தா எனக்க மஞ்ஞு போச்சு” என்பார். வந்தவர்களும் வற்புறுத்துவதில்லை.

ஏப்ரல் நடுவில் வில்லேஜ் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து பொற்றையில் யாரும் கூடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். கூட்டம் என்றாலே சந்தேகப்பட்ட காலம். நாற்பது பேர் குன்றின் மேல் ஏறுவதும் இறங்குவதும் அவர்களுக்கு விளங்கியிருக்காது. இது விளையாட்டுத்தான், இதற்கு இடத்தை விட்டுத்தரவேண்டும் என்று நெய்யாற்றின்கரைத் தாலுகா ஆபீஸுக்கு விண்ணப்பம் கொடுக்கலாம் என்றார் ராஜதாஸ். எழுதுவதற்கு என்னைக் கேட்டார்கள். மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்புவரை தமிழும், பிறகு ஹைஸ்கூலில் மலையாளமும் படித்தவள் நான். இரண்டிலும் கையெழுத்து நன்றாயிருக்கும்.

முதல் தாளில் விண்ணப்பத்தை மலையாளத்தில் எழுதினேன். பொற்றையில் வாரம் ஒரு நாள் சறுக்கு விளையாட அனுமதி வேண்டும், அவ்வளவுதான். கையெழுத்துக்குத் தனித்தாள்கள். எங்கள் பக்கத்தில் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு கையெழுத்து உண்டு. சபைப் பதிவேட்டுக்குத் தமிழில் ஒன்று, சர்க்கார் ஆபீஸுக்கு மலையாளத்தில் ஒன்று. எதில் போடுவது என்று கேள்வி வந்தபோது ராஜதாஸ்தான் சொன்னார்:

“ரெண்டிலயும் போடுங்க. நாளைக்கு நாடு எங்கோட்டு போவும்னு யாருக்குத் தெரியும்? நெய்யாற்றின்கரைக்காரன் கேட்டா மலையாளத்தைக் காட்டுவோம். மதராஸ்காரன் கேட்டா தமிழைக் காட்டுவோம். எங்கோட்டு போனாலும் பொற்றை நமக்கு.”

எல்லாரும் சிரித்தார்கள். அது நியாயமாகத்தான் தோன்றியது. நான் தாளின் நடுவே கோடு போட்டு, இடது பக்கம் தமிழிலும் வலது பக்கம் மலையாளத்திலும் பெயர், வீடு, தொழில், கையெழுத்து என்று கட்டம் கட்டினேன். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று இரண்டு பக்கத்துக்கும் இடையே ஒரு விரல் இடம் விட்டேன்.

அண்ணன் முதலில் போட்டார். தொழில் என்ற கட்டத்தில் ‘ஹவில்தார்’ என்று எழுதினார்.

“பட்டாளத்தை என்னத்துக்கு இழுக்குதிய?” என்று அக்கா கேட்டார்கள்.

“தொழில்னு கேட்டிருக்கு. சறுக்குன்னு எழுதினா சிரிப்பான்.”

இரண்டாவது ராஜதாஸ். பிறகு செல்லசாமி, மோகனன், கருணாகரன். வரிசையில் நின்ற ஒழுங்கில் முப்பத்தெட்டுப் பேர். ஒவ்வொருவரும் இரண்டு முறை. தாள்களை ராஜதாஸ் சுருட்டிக்கொண்டு போனார். அண்ணன் மே கடைசியில் காஷ்மீருக்குத் திரும்பினார்.

ஆகஸ்டில் மார்த்தாண்டம் பக்கம் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஆட்கள் இறந்தார்கள். எங்கள் ஊர்களிலும் போலீஸ் வந்து பெயர்களைக் கேட்டுக்கொண்டு போனது. இளைஞர்கள் பலர் ரப்பர் தோட்டங்களில் போய்ப் படுத்தார்கள். பொற்றைக்கு யாரும் போகவில்லை. மழையில் புல் இடுப்பளவு வளர்ந்தது.

டிசம்பர் இருபதாம் தேதி சுவாமிதாஸ் அண்ணன் பஸ்ஸிலிருந்து இறங்கினார். பத்து வருடத்தில் முதல் முறையாகக் கிறிஸ்துமஸுக்கு வந்திருக்கிறார் என்று சபையில் எல்லாரும் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். சுகிர்தபாய் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. டிசம்பரில் கணவர் வீட்டில் இருக்கிறார் என்றால் அதற்கு என்ன பொருள் என்று அவர்களுக்குத் தெரியும். அங்கே பனி விழும் மாதம் அது.

மறுநாள் அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அண்ணன் அடுக்களை வாசலில் உட்கார்ந்திருந்தார். பட்டாளக் கம்பளிச் சட்டை போட்டிருந்தார், எங்கள் ஊர் வெயிலில்.

“பிள்ளே, நீ ஏப்ரல்ல எழுதினது பொற்றைக்கு உள்ளதுதானே?”

“ஆமா அண்ணே.”

“வேற ஒண்ணும் எழுதல்லியே?”

“இல்ல அண்ணே.”

பிறகுதான் சொன்னார். நவம்பரில் அதிகாரி அவரைக் கூப்பிட்டு, டைப் அடித்த இரண்டு பெயர்ப் பட்டியல்களை மேசைமேல் வைத்தாராம். ஒன்று, எங்கள் ஊர்கள் மதராஸோடு சேரவேண்டும் என்று கமிஷனுக்குப் போன மனுவோடு இருந்தது. மற்றது, சேரக்கூடாது என்று போன மனுவோடு. இரண்டிலும் முதல் பெயர் சுவாமிதாஸ், ஹவில்தார். இரண்டு மனுக்களையும் ஒத்துப் பார்த்த யாரோ ஒருவர் ஒரே முப்பத்தெட்டுப் பேர் இரண்டிலும் இருப்பதைக் கண்டுபிடித்து மேலே எழுதியிருக்கிறார். அங்கிருந்து விஷயம் பட்டாளத்துக்குப் போய்விட்டது.

“ரெண்டு பக்கமும் நிக்குத நீ எந்தப் பக்கம்னு கேட்டாரு. எனக்கு முதல்ல ஒண்ணும் தெரியல்ல. பிறவு பேரெல்லாம் வாசிச்சேன். ராஜதாஸ், செல்லசாமி, மோகனன், கருணாகரன்... அது நாம பொற்றையில வரிசையா நின்னதுல்லா.”

நான் விட்ட ஒரு விரல் இடத்தில் கத்தரி போயிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. முதல் தாளை எடுத்துவிட்டால் அந்தப் பட்டியல் எதற்கு என்று யாராலும் சொல்ல முடியாது.

அவருக்கு ஜனவரி பதினைந்துவரை தவணை கொடுத்திருந்தார்கள். கையெழுத்து வேறு காரியத்துக்கு வாங்கப்பட்டது என்று எழுத்தில் சாட்சி கொண்டுவந்தால் மன்னித்துவிடலாம், திரும்பவும் பனிப்பள்ளிக்குப் போகலாம். இல்லாவிட்டால் அந்த வேலை இனி இல்லை.

அன்று மாலையே பனச்சமூட்டுக்குப் போனோம். எழுதியவள் நான் என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டார்கள். ராஜதாஸ் பெஞ்சைத் துடைத்து அக்காவையும் என்னையும் உட்காரச் சொன்னார். அண்ணன் நின்றார்.

“தாளை என்ன செய்தே?” என்றார் அண்ணன்.

“எந்தத் தாளு?”

“எலே, எனக்ககிட்ட அந்தக் கேள்வி கேக்காதே.”

ராஜதாஸ் தெருவைப் பார்த்தார். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. குரலைத் தாழ்த்தினார்.

“தாலுகா ஆபீஸ்ல விண்ணப்பத்தைத் தொட்டுக்கூடப் பாக்கல்ல. இப்பம் களிக்கு, விளையாட்டுக்கு எவன் இடம் தருவான்னு கேட்டான். நான் ரெண்டு பக்கத்து ஆளுவளையும் பாத்தேன். முப்பத்தெட்டுப் பேரு கையெழுத்து உண்டு, எங்களுக்குப் பொற்றை வேணும்னு சொன்னேன். தமிழ்ல உள்ளதைத் தா, நம்ம நாடு வந்தா பொற்றை உனக்குன்னான் ஒருத்தன். மலையாளத்தைத் தா, இது இப்படியே இருந்தா பொற்றை உனக்குன்னான் மத்தவன். நான் என்ன செய்ய?”

“ரெண்டு பேருக்கும் குடுத்தே.”

“களிக்காகத்தான்டே குடுத்தேன்.”

“நான் பட்டாளத்துலயாக்கும் இருக்கேன்னு உனக்குத் தெரியாதா?”

“நினைச்சேன். உனக்க பேரை மட்டும் வெட்டலாம்னு நினைச்சேன். மேல முதல் பேரை வெட்டினா தாளு முறிஞ்ச மாதிரி தோணும். பிறவு, டெல்லியில எவன் வாசிக்கப் போறான்னு...”

சுகிர்தபாய் அக்கா எழுந்துவிட்டார்கள். “நீங்க எங்க கல்யாணத்துக்குப் பந்தல் போட்ட மனுசரில்லா” என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள்.

“ரெண்டு வரி எழுதித் தா” என்றார் அண்ணன். “பொற்றைக்கு வாங்கின கையெழுத்து, நான்தான் மாத்திக் குடுத்தேன்னு.”

“எழுதினா ரெண்டு கூட்டக்காரனும் சேர்ந்து என்னை அடிச்சுக் கொல்லுவான் சுவாமிதாஸ். இஞ்ச பெஞ்சு போட்டு இருக்க விடுவானா? நீ அங்க போயிருவே. நான் இஞ்ச கெடக்கணுமே.”

“எங்க போவேன்?” என்றார் அண்ணன். “என்னை எங்கயும் போகவிடாம ஆக்கினது நீதான்.”

செல்லசாமியிடமும் கருணாகரனிடமும் கேட்டுப் பார்த்தார். போலீஸ் தேடும் காலத்தில் தங்கள் பெயர் இன்னொரு தாளில் வருவதை அவர்கள் விரும்பவில்லை. மோகனன் எழுதுகிறேன் என்றார். அவருடைய தகப்பனார் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். இவர்களைக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை.

பனச்சமூட்டிலிருந்து திரும்பும் வழியில் அண்ணன் என்னிடம் ஒன்று கேட்டார். அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அதற்கு அடுத்த நாள் ராஜதாஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். கிறிஸ்துமஸுக்கு ஒரு குலை பழம் கொண்டுவந்திருந்தார். குளத்தூர் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஜனவரியில் ஓர் ஆசிரியை இடம் காலியாகிறது, இரண்டு மொழியும் தெரிந்த பிள்ளை வேண்டும் என்கிறார்கள், மேனேஜர் தனக்கு வேண்டியவர், சொல்லியாகிவிட்டது என்றார். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தாளைப் பற்றியும் பேசவில்லை. அவர் போன பிறகு, அண்ணன் கேட்டதைப் பட்டறையில் அப்பாவிடம் சொன்னேன்.

“நீ ஒண்ணும் எழுதாண்டாம்” என்றார்.

“அண்ணனுக்க பலகையை நீங்கதானே செய்தீங்க அப்பா.”

“பலகை செய்தேன். மனு செய்யல்ல.” பிறகு என் முகத்தைப் பார்க்காமல், “கெட்டிக் குடுக்க வேண்டிய பிள்ளைக்க பேரு போலீஸ் கடலாசுல வரப்பிடாது” என்றார்.

நான் எதிர்த்துப் பேசிப் பழகியவள் அல்ல. அது ஒரு காரணம். அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது என்பது இன்னொரு காரணம். ஜனவரி பத்தாம் தேதி நான் பள்ளியில் கையெழுத்துப் போட்டேன். பன்னிரண்டாம் தேதி அண்ணன் வெறுங்கையோடு ரயில் ஏறினார். எங்கள் வீட்டு வழியாகத்தான் போனார். அப்பா வெளியே வந்து வழியனுப்பினார். நான் உள்ளே நின்றேன்.

அவரைப் பனிப்பள்ளியிலிருந்து எடுத்துவிட்டார்கள். வட இந்தியாவில் எங்கோ சமவெளியில், ஆணியும் இரும்புக் கம்பியும் அடுக்கும் பண்டகசாலையில் போட்டார்கள். மூன்று வருடம் அங்கே இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். இப்போது வெள்ளறடைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் மேஸ்திரி. ஏறி இறங்கும் வேலைதான், நடந்து. என்னை வழியில் கண்டால், “டீச்சர், சுகம்தானே?” என்று கேட்பார். பிள்ளே என்று கூப்பிடுவதில்லை.

எல்லைக்கோடு ஐம்பத்தாறு நவம்பரில் முடிவாயிற்று. தெற்கே உள்ள தாலுகாக்கள் மதராஸுக்குப் போயின, நாங்கள் கேரளத்தில் நின்றோம். தமிழ் மனுவில் முப்பத்தெட்டுப் பெயர் இருந்தும் பயனில்லை. மலையாள மனுவை வாங்கியவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பொற்றை ராஜதாஸுக்குக் கிடைத்தது. ஏப்ரல் மாதம் அங்கே கொடி கட்டிச் சறுக்குப் போட்டி வைக்கிறார்கள். பாறசாலையிலிருந்தும் நெய்யாற்றின்கரையிலிருந்தும் ஆள் வருகிறது. பலகையை இப்போது வேறு யாரோ செய்கிறார்கள். அப்பா செய்து கொடுப்பதில்லை. ஒரு வருடம் ராஜதாஸ் அண்ணனைத் தலைமை தாங்கக் கூப்பிட்டார். அண்ணன் அன்று ரப்பர்ப் பால் வெட்டவேண்டும் என்று தோட்டத்துக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்தில் வேலை கிடையாது.

யாரும் அவரைப் பற்றி எழுதவில்லை. போட்டி நோட்டீஸில் இந்த விளையாட்டை யார் கொண்டுவந்தார் என்று போடுவதில்லை. ஆதலால் எழுதுகிறேன். இப்போது எழுதுவதால் அவருக்கு ஒரு பயனும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அன்று பனச்சமூட்டிலிருந்து நடந்து வரும்போது அக்கா முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். அண்ணன் எனக்காக நடையைக் குறைத்தார். எங்கள் வீட்டுக்குத் திரும்பும் இடத்தில் நின்றார்.

“பிள்ளே, அங்க இப்பம் மஞ்ஞு முட்டளவு விழுந்திருக்கும்” என்றார். “நீ சாட்சி சொல்ல எங்கயும் வராண்டாம். ராஜதாஸ் செய்ததையும் எழுதாண்டாம், அவன் பேரே வேண்டாம். பொற்றையில களிக்க இடம் கேட்டு நான் எழுதினேன், அதுக்குத்தான் இவரு கையெழுத்துப் போட்டாருன்னு உனக்கு எந்தப் பாஷையில வருமோ அதுல ரெண்டு வரி எழுதி, அடியில உனக்க பேரைப் போட்டுத் தருவியா?”